எட்டாவது பெயர்

இப்போது ஒரு மணி நேரம் தொடர்ந்து உட்கார்ந்து எழுத முடிகிறது. மாடிப்படி ஏறினால் மட்டும் பாதியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கொரோனாவின் இரண்டாவது அலையில் பதினான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அதைப் பற்றி யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவதுதான் இதுவரை என் வழக்கம். கேட்க உரிமையுள்ள ஒருத்தி வந்து கேட்டுவிட்டாள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையார்பாளையத்தில் என் வீட்டு முன்னறைதான் கடை. பட்டுப் புடவைக்கு வேண்டிய கரை, புட்டா, முந்தானை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைந்து, அட்டையில் துளைகளாகக் குத்திக் கொடுப்பேன். தறிக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். அதில் அட்டையை மாட்டினால், எந்த இழையைத் தூக்குவது எதை விடுவது என்பதைத் துளை பார்த்துக்கொள்ளும். ஒரு முதலாளியின் டிசைன் இன்னொரு முதலாளி கண்ணில் பட்டால் அந்த முகூர்த்த சீசனே போயிற்று. அதனால் ஒருவர் உள்ளே இருந்தால் கதவைச் சாத்திவிடுவேன். அடுத்தவர் தெருவில் நிற்பார். நோட்டில் பெயர் எழுத மாட்டேன். மீன், பூ, மூன்று கோடு என்று எனக்கு மட்டும் புரியும் குறிகள். "யாரு வந்துட்டுப் போறாங்க?" என்று எவர் கேட்டாலும் "யாரும் இல்லியே" என்பதுதான் என் பதில். இருபது வருடமாகச் சொல்லி வருகிறேன். அதைப் பொய் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

அந்த வியாழக்கிழமை மதியம் ஏகாம்பரம் வந்தார். ஏகாம்பரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மைப் பெயர் வேறு. திருப்பருத்திக்குன்றம் போகிற வழியில் வீடு. பதினெட்டு வருடமாக ஒரே முதலாளிக்கு நெய்கிறவர். வீட்டின் பின்பக்கம் இரண்டாவதாக ஒரு தறி போட்டிருந்தார், அது முதலாளிக்குத் தெரியாது. அதில் சொந்தமாக நெய்து நேராக விற்க வேண்டும் என்று ஒரு டிசைனை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு வந்திருந்தார். முதலாளிக்குத் தெரிந்தால், நெய்யக் கொடுக்கிற பாவு, ஊடை நூலெல்லாம் அன்றைக்கே நின்றுபோகும். வீட்டில் அவர், அவர் மனைவி, எட்டாவது மாதம் நடக்கிற மகள் தேவி. முதல் பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள்.

"கதவ சாத்திடுமா. எவனாச்சும் எட்டிப் பாக்கப் போறான்" என்றார்.

கதவைச் சாத்தி, ஏசி போட்டு, இரண்டரை மணி நேரம் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மாஸ்க் தாடைக்கு இறங்கிவிட்டது. நடுவில் டீ குடித்தோம். போகும்போது, "நான் வரவே இல்ல, தெரிஞ்சிதா?" என்றார். "நீங்க யாருன்னே எனக்குத் தெரியாதுண்ணா" என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

சனிக்கிழமை காய்ச்சல். ஞாயிறு காலை மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்தார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. திங்கட்கிழமை போனில் செய்தி வந்தது, பாசிட்டிவ். விரலில் மாட்டும் கிளிப் ஒன்று இருக்கிறதே, இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டுமே, அது என் விரலில் தொண்ணூற்று ஒன்று காட்டியது. தொண்ணூற்று ஐந்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். வெளியே ஒரு ஸ்கேன் சென்டரில் நெஞ்சை அடுக்கடுக்காகப் படம் எடுத்தார்கள். இருபத்தைந்துக்குப் பதினொன்று என்று எழுதியிருந்தது. நுரையீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதற்கான மார்க் அது. படிப்பில்கூட நான் அவ்வளவு குறைவாக வாங்கியதில்லை என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு பெட் கிடைத்தது. அங்கே சேரும்வரை மரத்தடியில் நாலு மணி நேரம் காத்திருந்தோம். ஆட்டோவுக்குள்ளேயே படுத்திருந்தவர்கள் உண்டு. ஒருவர் எழுந்து போனால்தான் இன்னொருவருக்கு இடம், எழுந்து போவது எப்படி என்பதை யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. என் பெயரைக் கூப்பிட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷம் இன்னும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருக்கும்போது போன் வந்தது. சின்னப் பெண்ணின் குரல், காலையிலிருந்து பேசிப் பேசிக் கம்மிப் போயிருந்தது.

"சுகாதாரத் துறையில இருந்து பேசறேம்மா. காய்ச்சல் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியில இருந்து, யார் யார் கூட கால் மணி நேரத்துக்கு மேல இருந்தீங்க?"

வீட்டுக்காரர் தனசேகர், மகள் நித்யா, பக்கத்து வீட்டில் தையல் வேலை செய்யும் கல்யாணி, அவள் கணவர், என் தங்கை, தங்கை மகன், பூக்காரம்மா. ஏழு பேர் சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

"கடைக்குக் கஸ்டமர் யாராச்சும் வந்தாங்களாம்மா?"

"யாரும் இல்லியே."

யோசித்துச் சொன்னதில்லை. அது தானாகவே வாயில் வந்தது. போனை வைத்த பிறகுதான் ஏகாம்பரம் நினைவுக்கு வந்தார். மூடிய அறையில் இரண்டரை மணி நேரம் என்னோடு இருந்தவர் அந்த ஒருவர்தான். அன்று மதியமே அவரைக் கூப்பிட்டேன்.

"எனக்கு ஒண்ணுமில்லமா, நல்லாத்தான் கீறேன்" என்றார். "என் பேரக் குடுக்காத. ஊட்டு வாசல்ல காயிதம் ஒட்டுவான். எங்க புடிச்சிதுன்னு கேப்பான். உன் கடைன்னு தெரிஞ்சா, எதுக்குப் போனேன்னு மொதலாளி கேப்பாரு. பதினெட்டு வருசம்மா."

"தேவி இருக்குதேண்ணா."

"அவ உள் ரூம்ல கீறா. நான் பின்னாடி தறிக்கிட்டயே படுத்துக்கிறேன். வேணும்னா செங்கல்பட்டு போயி டெஸ்ட் எடுத்துக்கிறேன், அங்க யாருக்கும் நம்மளத் தெரியாது."

சரி என்று வைத்துவிட்டேன். பெரிய மனிதர், பார்த்துக்கொள்வார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வார்டு நாட்களைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஆனால் எல்லா நாளும் ஒரே நாள்தான். காலையில் வயிற்றில் ஓர் ஊசி, இரத்தம் கட்டிக்கொள்ளாமல் இருப்பதற்கு. அப்புறம் ஸ்டீராய்டு. அது நுரையீரல் வீக்கத்தைக் குறைக்கும், சர்க்கரையை ஏற்றிவிடும். எனக்கு இல்லாத சர்க்கரை இருநூற்று எண்பதுக்குப் போயிற்று. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது குப்புறப் படுக்கச் சொன்னார்கள். அப்படிப் படுத்தால் நுரையீரலின் பின்பக்கம் விரிந்து ஆக்சிஜன் ஏறும். தலையணையில் கன்னத்தை வைத்துத் தரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். டாக்டர்களையும் நர்சுகளையும் செருப்பை வைத்துத்தான் அடையாளம் தெரியும். முகத்தைப் பார்த்தாலும் அந்த வெள்ளை அங்கிக்குள் ஒன்றும் தெரியப் போவதில்லை.

தனசேகருக்கும் நித்யாவுக்கும் டெஸ்டில் ஒன்றுமில்லை என்று வந்தது. ஆனாலும் வெளியே வரக்கூடாது. கம்பெனி பஸ் ஓட்டி வாழ்க்கை முழுக்க ரோட்டிலேயே இருந்த மனிதர், வீட்டுக்குள் அடைந்து கிடந்தார். எனக்குப் பேச மூச்சு இல்லை என்று நித்யா ஒரு வழி செய்தாள். போனை வீடியோவில் போட்டு அடுப்பங்கரை அலமாரியில் சாய்த்து வைத்துவிடுவாள். பேச்சு கிடையாது. அவர்கள் பாட்டுக்கு வேலை செய்வார்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் முதல்முறையாக ரசம் வைத்ததை அப்படித்தான் பார்த்தேன். புளியை எவ்வளவு போடுவது என்று தெரியாமல் கையில் உருட்டிக்கொண்டு போனைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் குறை என்று கையைக் காட்டினேன். அழுகை வந்தது. அழுதால் ஆக்சிஜன் இறங்கும் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

புதன் சாயங்காலம் நித்யா ஒரு படத்தை அனுப்பினாள். எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் வந்ததாம். என் பெயர் மேலே, கீழே நான் சொன்ன ஏழு பேர். வயது, கதவு எண், போன் நம்பர். கடைசியில் "வேறு நோய்கள்" என்று ஒரு கட்டம். அதிகாரிகள் பார்ப்பதற்காகத் தயாரான பட்டியல், எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போயிற்று என்று இன்றுவரை தெரியாது. கல்யாணி பெயருக்கு எதிரே, வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்று இருந்தது. இருபது வருடம் பக்கத்து வீட்டிலிருக்கும் எனக்கே தெரியாத விஷயம் அது. அவள் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

கல்யாணி கூப்பிட்டாள். "உன்னக் குத்தம் சொல்லலக்கா. நல்லதுக்குத்தான் கேக்கறாங்கன்னு நானேதான் எல்லாம் சொன்னேன்" என்றாள். போனை வைத்துவிட்டாள். மறுநாள் தெருமுனையில் தகரம் அடித்துவிட்டார்கள். பால்காரர் தகரத்துக்கு அந்தப் பக்கமே பாக்கெட்டை வைத்துவிட்டுப் போனாராம். பூக்காரம்மாவிடம் பக்கத்துத் தெருவில்கூட யாரும் பூ வாங்கவில்லை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். பார், ஏகாம்பரம் பெயரைச் சொல்லாதது எவ்வளவு சரி என்று நினைத்தேன். ஏழு பேருக்கு நடந்தது அவருக்கும் நடந்திருக்கும். நோயைப் பிடிக்கப் பெயர் வேண்டும்தான், அது எனக்கும் புரிகிறது. ஆனால் கொடுத்த பெயரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவர்களிடம் எதை நம்பிக் கொடுப்பது? ஒரு டிசைன் அட்டையை நான் பூட்டி வைக்கிற அளவுக்குக்கூட ஒரு மனுஷியின் நோயைப் பூட்டி வைக்கவில்லையே. அந்தக் கோபத்தில் ஒரு நாளைக் கழித்தேன்.

வியாழக்கிழமை மறுபடி ஏகாம்பரத்தைக் கூப்பிட்டேன். இருமினார்.

"தூசிமா. தறிப் பள்ளத்துல ஒரே தூசி."

"செங்கல்பட்டு போனீங்களா?"

"பஸ்சு எங்க ஓடுது? போறேன், போறேன்."

"தேவிக்கு எப்படி இருக்குது?"

"அவளுக்கு இன்னா, நல்லா துன்னுக்கினு தூங்கிக்கினு கீறா. நீ பேசாதமா, உனுக்கு மூச்சு வாங்குது."

அவருக்கும்தான் வாங்கியது. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் போனில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்துவிட்டு வைத்தோம்.

என் பக்கத்துக் கட்டிலில் ஏழு மாதக் கர்ப்பிணி ஒருத்தி இருந்தாள். அவளைக் குப்புறப் படுக்க வைக்க முடியாது, ஒருக்களித்துத்தான் படுப்பாள். வெள்ளிக்கிழமை காலை அவளுடைய கிளிப் விடாமல் கத்தியது. நாலு பேர் ஓடி வந்தார்கள். கட்டிலோடு தள்ளிக்கொண்டு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். ஒரு கையால் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டே போனாள். அந்த இடம் காலியானதும் தேவியைத்தான் நினைத்தேன்.

ஸ்டெல்லா சிஸ்டர் வந்து என் விரலைப் பார்த்தார். ஏனாத்தூர்க்காரர், வாய் கொஞ்சம் கடுமை, கை மென்மை. "எண்பத்தெட்டு. இன்னாம்மா பண்ணிக்கினு கீறீங்க?" என்றார்.

"சிஸ்டர், ஒரு பேரை நான் சொல்லாம விட்டுட்டேன். சொன்னா அவர் பொழப்பு போயிடும். அவர் வீட்ல ஒரு புள்ளத்தாச்சிப் பொண்ணு இருக்குது."

"என்கிட்ட பேரச் சொல்லாதீங்க" என்றார். "சுகாதாரத் துறைக்கும் பேரு வேணாம். தெருவச் சொல்லுங்க, போதும். அந்தத் தெருவுல காய்ச்சல் இருக்குதாம், முகாம் போடுங்கன்னு சொன்னா வண்டி போவும். எல்லாருக்கும் எடுப்பாங்க. யாருக்காக வந்துதுன்னு எவனுக்கும் தெரியாது."

"இப்படி ஒரு வழி இருக்குதா?"

"எப்பவும் இருக்குது. நீங்க கேக்கல."

போன் செய்த பெண்ணும் அதைச் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் பேசுகிறாளோ, அவளிடம் இருந்தது ஒரு படிவம், படிவத்தில் இருந்தது பெயருக்கான கட்டம். ஆனால் அவளைக் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது. செவ்வாய்க்கிழமையே ஒரு தெருவின் பெயரை என்னால் சொல்லியிருக்க முடியும். வெள்ளிக்கிழமை மதியம்தான் சிஸ்டரிடம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை முகாம் போட்டார்கள்.

சனிக்கிழமை ஏகாம்பரத்தைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அதன் பிறகு போன் அணைந்தே இருந்தது. முகாமில் யாருக்கு என்ன வந்தது என்று ஸ்டெல்லா சிஸ்டரிடம் இரண்டு முறை கேட்டேன்.

"அந்தத் தெருவுல இருந்து யாரு வந்தாங்கன்னு நான் சொல்ல மாட்டேன்மா. உங்க பேர நான் யார்கிட்டயும் சொன்னனா? அதே மாதிரிதான்."

சரியான பதில். எங்கள் தொழிலில் இருந்திருந்தால் நன்றாக வந்திருப்பார். பதினான்காம் நாள் என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்சிலிருந்து இறங்கியபோது தனசேகர் வாசலில் நாற்காலி போட்டு வைத்திருந்தார், வாசலிலிருந்து கட்டிலுக்குப் போவதற்குள் நடுவில் உட்கார இன்னொரு நாற்காலியும் வைத்திருந்தார். அந்த இரண்டாவது நாற்காலி எனக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கழித்து, அட்டை வாங்க வந்த ஒரு நெசவாளர் வாசலில் நின்றபடியே சொன்னார். ஏகாம்பரம் இறந்துவிட்டாராம். முகாம் வண்டியைப் பார்த்ததும் பின்பக்கமாக வயல்வெளிக்குப் போய்விட்டாராம். அவர் மனைவிக்கும் தேவிக்கும் பாசிட்டிவ், இரண்டு பேருக்கும் லேசாகத்தான். அன்று இரவு அவருக்கு மூச்சு முட்டி, மறுநாள் கொண்டுபோகும்போது கிளிப்பில் எழுபத்தாறு. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். நான் படுத்திருந்த வார்டுக்கு நேர் கீழ்த் தளத்தில்தான் ஆண்கள் வார்டு. அவர் கீழே கிடந்தபோது நான் மேலே குப்புறப் படுத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மூன்று நாள் முன்னால் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று மறுபரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டேன். யாரைப் பற்றி என்று சொல்லவில்லை. "சொல்ல முடியாதும்மா. சீக்கிரம் வந்தவங்களும் போயிருக்காங்க, லேட்டா வந்தவங்களும் பொழச்சிருக்காங்க" என்றார். நோய் அவரிடமிருந்து எனக்கு வந்ததா, என்னிடமிருந்து அவருக்குப் போனதா என்பதும் யாருக்கும் தெரியாது. நான் நாலு மாதம் அந்தப் பதில்களைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன்.

அதன் பிறகு தேவி வந்தாள். தோளில் மூன்று மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. உள்ளே வரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அப்பாவோட போன இப்பத்தான் ரிப்பேர் பண்ணேன்" என்றாள். "டிசைன் பரிமளான்னு உங்க நம்பர் இருக்குது. அந்த வாரத்துல ரெண்டு தபா பேசி இருக்கீங்க. ஒரு தபா அவர் எடுக்கல. நீங்க அப்போ ஆஸ்பத்திரில இருந்தீங்கன்னு சொன்னாங்க. எங்க இருந்து வந்துதுன்னு தெரியலன்னுதான் எங்ககிட்ட எழுதிக்கினு போனாங்க. அப்பா இங்க வந்தாரா?"

யாரும் இல்லியே என்று சொல்லியிருக்கலாம். முகாம் எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஸ்டெல்லா சிஸ்டர் சொல்லவே மாட்டார். இந்த விஷயத்தில் என் பெயரை எல்லோரும் பத்திரமாகத்தான் வைத்திருந்தார்கள்.

"வந்தாரும்மா. வியாழக்கிழமை. ரெண்டரை மணி நேரம் இங்கதான் இருந்தார்" என்றேன். தறி, டிசைன், அவர் கேட்டுக்கொண்டது, செவ்வாய்க்கிழமை நான் சொல்லாமல் விட்டது, வெள்ளிக்கிழமை தெருவைச் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்கியது. அவள் அவசரப்படுத்தவில்லை.

"தறி விஷயம் மொதலாளிக்கு இன்னிக்கும் தெரியாது. அதுலதான் அம்மா நெய்யறாங்க" என்றாள்.

"என்னால வெளியில போவாதும்மா."

"தெரியும்." குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். "எங்கப்பா அவர் பேரச் சொல்ல வேணாம்னாரு. சரி, அது அவர் பேரு. அந்த ஊட்டுல நானும் இருந்தேன், எங்கம்மாவும் இருந்தாங்க. வயித்துக்குள்ள இவன் இருந்தான். எங்க பேர சொல்ல வேணாம்னு நாங்க யாராச்சும் சொன்னமா?"

"இல்லம்மா."

"ஒரு போன் போட்டு என்னையும் கேட்டிருக்கலாம் இல்ல? நான் அவர இஸ்துக்கினு போயிருப்பேன்."

அது எனக்குத் தோன்றவே இல்லை என்று சொன்னேன். பெயர் அவருடையது, ரகசியம் அவருடையது, அதனால் அவரிடம் மட்டும் கேட்டால் போதும் என்றுதான் இருந்தேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. கை கூப்பினேன். அவள் அதைப் பார்க்காத மாதிரி குழந்தையின் தலையைச் சரிசெய்தாள்.

"உங்க வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட நானே சொல்றேன்" என்றேன்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அம்மாகிட்ட சொல்றதா வேணாமான்னு நான் பாத்துக்கிறேன். அதையும் நீங்களே முடிவு பண்ணாதீங்க."